முதல் எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? உள்ளே ஏறி உட்காருவதிலிருந்து தொடங்குங்கள்

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லப்படும் பெயர் எம்ஜிபி. 1962 முதல் 1980 அக்டோபர் வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. திறந்த ரோட்ஸ்டர் ஒரு வகை, 1965-ல் வந்த ஜிடி என்ற மூடிய கூபே இன்னொரு வகை. இத்தனை கார்கள் ஓடியதால் இன்றும் தேடினால் கிடைக்கிறது, உதிரி பாகங்களும் ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கின்றன. ஜாகுவார் ஈ-டைப், பழைய போர்ஷே 911 மாதிரி விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடவும் இல்லை.

நம்மவர்களுக்கு இந்தக் கார் முற்றிலும் அந்நியமும் அல்ல. அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி-சீரிஸ் குடும்பம். பழைய அம்பாசடர் மெக்கானிக் ஒருவர் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் பாதி வேலை அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும்.

இந்தக் காரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பளபளக்கும் குரோம் பம்பர் வைத்த முந்தைய காரா, கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த பிந்தைய காரா என்ற விவாதம்தான் முதலில் வரும். விலையைப் பொறுத்தவரை அது சரியான கேள்வி. ஆனால் புதிதாக வருகிறவர் அதிலிருந்து தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பம்பரைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்கப்போவது டாஷ்போர்டு, ஸ்டீயரிங், சீட். அவற்றில் எது பிடிக்கிறது என்று முடிவு செய்தால், எந்த ஆண்டுக் கார் தேடவேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எந்த டாஷ்போர்டு?

பிரிட்டிஷ் கார்களில் 1962 முதல் 1976 நடுப்பகுதி வரை இருந்தது இரும்புத் தகட்டு டாஷ்போர்டு. அதன் மேல் சுருக்கம் விழுந்த மாதிரியான கறுப்புப் பெயின்ட். விரல் நுனியால் தடவினால் நுண்ணிய மணல்போல் தட்டுப்படும், வெளிச்சத்தில் பளபளக்காது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வேகமானியும் இன்ஜின் சுழற்சி மீட்டரும் பெரிய வட்டங்களாக இருக்கும். எண்ணெய் அழுத்தமும் தண்ணீர் வெப்பமும் ஒரே சின்ன மீட்டரில் மேலும் கீழுமாகப் பாதி பாதி. நடுவில் ஸ்பீக்கருக்கான கம்பித்தட்டு, அதன்மேல் எம்ஜியின் எண்கோண முத்திரை. ஆரம்ப கால கார்களில் மெல்லிய கம்பி ஆரங்கள் கொண்ட பெரிய ஸ்டீயரிங்கும், 'டிக்' என்று மேலும் கீழும் போகும் குச்சி சுவிட்சுகளும் உண்டு. சீட்டில் நாம் சாய்கிற, உட்கார்கிற பகுதி நிஜத்தோல். ஓரங்களில் வேறு நிறத்தில் பைப்பிங். என்னைக் கேட்டால் அபிங்டன் செய்த உட்புறங்களில் மிக அழகானது இதுதான். அலங்காரம் என்று தனியாக எதுவும் இல்லை. இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

1969 இலையுதிர்காலத்தில் (அதாவது 1970 மாடலில்) தோல் போய் ரெக்சின் வந்தது. பலர் இதைத் தரக்குறைவு என்று ஒதுக்குவார்கள். நான் ஒதுக்கமாட்டேன். அந்த ரெக்சின் சீட்டுகள் பின்னால் சாயும், மழையில் நனைந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். கூரை இல்லாத காரில் இங்கிலாந்து மழைக்கு இது எவ்வளவு வசதி என்பது ஒரு வாரம் ஓட்டினால் தெரியும். 'ஆட்டம் லீஃப்' என்ற காய்ந்த இலை நிறத்தில் அக்கால உட்புறம் கெடாமல் இருக்கிற கார் கிடைத்தால் விடாதீர்கள். எழுபதுகளின் வாசனை அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போன கார்களின் கதை வேறு. அங்கே பாதுகாப்புச் சட்டம் கடுமையானதால் 1968 மாடலிலிருந்து டாஷ்போர்டு முழுக்கப் பஞ்சு வைத்துத் தடிமனாக்கினார்கள். பயணி பக்கத்தில் சாமான் வைக்கும் அறைகூட இல்லாமல் ஒரு பெரிய மெத்தை. அதற்கு 'அபிங்டன் தலையணை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1972 மாடலில் அதை மாற்றி அமைத்து, அந்த அறையையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இந்த மெத்தை டாஷ்போர்டுகள் வெயிலில் மேல்பக்கம் வெடிக்கும். வெடிப்பு தெரியாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருப்பார்கள். ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

கடைசிக் கட்டம் 1977 மாடல். பிரிட்டிஷ் கார்களில் இரும்பு டாஷ்போர்டு போய் வார்த்த பிளாஸ்டிக் வந்தது, ஸ்டீயரிங் நான்கு ஆரங்களுக்கு மாறியது, சீட்டில் கோடு போட்ட துணி வந்தது. கடற்கரைச் சாய்வு நாற்காலித் துணி மாதிரி இருப்பதால் 'டெக்சேர்' சீட் என்பார்கள். ரொம்ப நாள் இதை யாரும் மதிக்கவில்லை; கிழித்து எறிந்துவிட்டு கறுப்புத் தோல் போட்டார்கள். அதனால்தான் வெளுக்காத, கிழியாத டெக்சேர் சீட்டைப் பார்ப்பது இன்று சந்தோஷமான விஷயமாகிவிட்டது. எழுபதுகளின் பிற்பகுதி உங்களுக்குப் பிடித்த காலம் என்றால் வெட்கப்படாமல் இதையே தேடுங்கள்.

அப்புறம் பம்பர், அதாவது விலை

1974 செப்டம்பரில் குரோம் பம்பர்களை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் மூக்கு வைத்தார்கள். காரையும் சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். காரணம் அமெரிக்க விதிகள். செலவைக் குறைக்க ரோட்ஸ்டரின் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்தார்கள். திருப்பத்தில் கார் சாய ஆரம்பித்தது. 1977 மாடலில் முன்னாலும் பின்னாலும் அந்தக் கம்பியை வைத்து ஓரளவு சரி செய்தார்கள்.

இதன் விளைவு இன்றைய சந்தையில் அப்படியே தெரிகிறது. ஒரே நிலையில் இருக்கும் கார்களை எடுத்துக்கொண்டால், குரோம் ரோட்ஸ்டர் மேலே, அதற்குக் கீழே குரோம் ஜிடி, பிறகு ரப்பர் ரோட்ஸ்டர், கடைசியில் ரப்பர் ஜிடி. 1965 வரை வந்த, இழுத்துத் திறக்கும் கதவுக் கைப்பிடி கொண்ட ஆரம்ப கால கார்களுக்குத் தனி மரியாதை. 1973 முதல் 1976 வரை 2,591 மட்டுமே தயாரான ஜிடி வி8, 1967 முதல் 1969 வரை வந்த ஆறு சிலிண்டர் எம்ஜிசி இரண்டும் தனிக் கணக்கு. முதல் காராக அவற்றை நான் சொல்லமாட்டேன்.

என் கருத்தில் ஜிடியின் விலை அதன் தகுதிக்குக் குறைவு. அதன் கூரையின் வடிவத்தில் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் கை இருக்கிறது. பின்கதவைத் திறந்து சீட்டை மடித்தால் இரண்டு பேர் ஒரு வாரப் பயணத்துக்கான சாமான் கொள்ளும். மழை, குளிர் எதுவும் உள்ளே வராததால் சீட்டும் கார்ப்பெட்டும் ரோட்ஸ்டரைவிட நன்றாகவே மிஞ்சியிருக்கும். கையில் காசு அளவாக இருந்து, வருஷம் முழுக்க ஓட்டும் எண்ணம் இருந்தால் குரோம் பம்பர் ஜிடிதான் என் முதல் சிபாரிசு. ரப்பர் பம்பர்தான் கட்டுப்படியாகும் என்றால் 1977-க்குப் பிந்தையதைத் தேடுங்கள். 1975, 76 கார்களை ஓட்டிப் பார்க்காமல் கை வைக்கவேண்டாம்.

காரும் காகிதமும் ஒன்று சொல்கின்றனவா?

சேசிஸ் எண்ணின் முதல் எழுத்துகளைப் பாருங்கள். ஜி எச் என் என்றால் ரோட்ஸ்டர், ஜி எச் டி என்றால் ஜிடி. அடுத்து வரும் 3 முதல் கட்டத்தையும், 4 என்பது 1967 இறுதியில் வந்த மார்க் 2-வையும், 5 என்பது 1969 இலையுதிர்காலத்துக்குப் பிந்தையதையும் குறிக்கும். அதை ஒட்டி எல் என்ற எழுத்து இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு பிறந்த கார். பிற்கால அமெரிக்கக் கார்களில் யு வரும்.

இப்போது உட்புறத்தை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வெளியே குரோம் பம்பர், உள்ளே பிளாஸ்டிக் டாஷ்போர்டும் நான்கு ஆர ஸ்டீயரிங்கும் என்றால், அது ரப்பர் மூக்கோடு பிறந்து பிறகு மாற்றப்பட்ட கார். மாற்றியது குற்றமல்ல, நன்றாகச் செய்தவையும் உண்டு. ஆனால் அசல் குரோம் காரின் விலையைக் கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை. அதேபோல, எண்ணில் எல் அல்லது யு இருந்து ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, திரும்பி வந்த கார். கலிபோர்னியா மாதிரி வறண்ட இடத்தில் இருந்ததாக இருந்தால் தகரம் அருமையாக இருக்கும். அதையே விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அசல் நிறம், அசல் உட்புற நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழில் தெரியும். பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். உட்புறத்தை மாற்றத் திட்டம் இருந்தால், முதல் சீட்டைக் கழற்றுவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள்.

கார்ப்பெட்டைத் தூக்குங்கள்

எம்ஜிபியின் மதிப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது. இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதி இரண்டும்தான் காரைத் தாங்குகின்றன, ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால் இன்னும் அதிகமாக. அந்தப் பெட்டிக்கு வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் கோட்டை மதில் மாதிரி வளைந்த ஒரு பட்டை என்று பல அடுக்கு. உள்ளே தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் அரிக்கும். இன்ஜினை மாற்றுவது இதற்கு முன்னால் சின்னச் செலவு.

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்: "கார்ப்பெட்டை எடுத்துப் பார்ப்பேன், பரவாயில்லையா?" தயங்குகிறார் என்றால் வேறு கார் பாருங்கள்.

ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டையும் அடியில் இருக்கும் சவுண்ட் புரூஃப் அட்டையையும் தூக்குங்கள். ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். தரையும் சில்லும் சேரும் மூலையை விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று இருக்கும். மட்கியது மொறுமொறுவென்று உள்வாங்கும். புதுப் பெயின்ட் மட்டும் பளபளத்து, வெல்டிங் கோடுகள் ஒழுங்கில்லாமல் கட்டி கட்டியாக இருந்தால் ஒட்டுப்போட்ட வேலை. பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை மூடி வைத்துப் பற்றவைப்பது இந்தக் கார்களில் சகஜம்.

அடுத்து சீட்டுகளுக்குப் பின்னால், தரையில் இருக்கும் மூடியைத் திறங்கள். 1974 வரை வந்த கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கேதான் தனித்தனித் தொட்டிகளில் உட்கார்ந்திருந்தன. அமிலமும் ஈரமும் சேர்ந்து அந்தத் தொட்டிகளைத் தின்றிருக்கும். விற்பவர்கள் துடைத்து வைக்க மறக்கிற இடமும் இதுதான், அதனால் காரின் உண்மையான வயது இங்கே தெரியும்.

வெளியே வந்து முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் கீழ் நுனியைப் பாருங்கள். சில்லின் வெளித்தகடு அந்த மட்கார்டுக்கு உள்ளே வரை போகிறது. ஆகவே சில்லை முறையாக மாற்ற, மட்கார்டைக் கழற்றவேண்டும் அல்லது அதன் கீழ்ப்பகுதியை வெட்டிப் புதுத்துண்டு வைக்கவேண்டும். வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர்கள் படம் எடுக்காமல் இருப்பதில்லை. பிறகு ஒரு மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள்; பட்டி பூசிய இடத்தில் பிடிக்காது.

கடைசியாகக் கதவு. மூடிய கதவின் பின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கவேண்டும். விற்பவர் சம்மதித்தால், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் உறுதியான இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி நெருங்கிக் கதவு உரசினால் உடம்பு வளைகிறது என்று அர்த்தம். சீட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

இது சீக்கிரம் முடிகிற வேலை. இன்ஜின் சூடான பிறகு, ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 50 பிஎஸ்ஐ-க்கு மேல் நிற்கவேண்டும். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் நான்காவது கியரில் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். சுழற்சி சட்டென்று குறையவேண்டும். ஓவர்டிரைவ் உள்ள காருக்கு நிச்சயம் கூடுதல் மதிப்பு, நெடுஞ்சாலையில் அது இல்லாமல் சத்தம் தாங்காது. 1967 இறுதி வரை வந்த கார்களில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, ஆகவே வண்டி நின்ற பிறகுதான் முதல் கியர், அது கோளாறல்ல. உட்கார்ந்ததும் இடுப்பு தரைவரை இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். பிற்காலச் சீட்டுகளில் பஞ்சுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கிறது; அது கிழிந்திருக்கும். மலிவான பாகம், ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம்.

உட்புறத்துக்கு எவ்வளவு கழிக்கலாம்?

புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். பளிச்சென்ற புதுத் தோல் சீட்டைப் பார்த்து விலை கூட்டுகிறார்கள், கிழிந்த சீட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். சீட் உறை, பஞ்சு, கார்ப்பெட், கதவு அட்டை எல்லாம் செட்டாகக் கிடைக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால் பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம். சில் வேலை அப்படியல்ல. நல்ல டிங்கரிங் ஆளின் மணிக்கூலியில் காரின் விலையே போய்விடும். ஆகவே கிழிந்த உட்புறமும் உறுதியான உடம்பும் கொண்ட கார்தான் புதியவருக்கு ஏற்றது. பேரம் பேசும்போது உறை, கார்ப்பெட், துணிக்கூரை மூன்றுக்கும் கடைவிலையை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். துணிக்கூரையையும் மறக்காமல் விரித்து மாட்டிப் பாருங்கள். பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஒன்றை மட்டும் மனம்விட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கிய பிறகு டாஷ்போர்டில் வால்நட் மரத்தகடு ஒட்டாதீர்கள். 1962 முதல் 1980 வரை எந்த எம்ஜிபியும் மர டாஷ்போர்டோடு அபிங்டனை விட்டு வெளியே வந்ததில்லை. 'பழைய இங்கிலீஷ் கார் என்றால் மரமும் தோலும்' என்ற எண்ணம் ஜாகுவாரிலிருந்து வந்தது. எம்ஜி சாதாரணச் சம்பளக்காரருக்காகச் செய்த வண்டி. 1962-ல் வரிக்கு முன் அதன் விலை 690 பவுண்டு. அந்த எளிமைதான் அதன் ஸ்டைல். மரம் ஒட்டிய காருக்கு விவரம் தெரிந்தவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள், அதை எடுக்கும்போது அடியில் இருக்கும் சுருக்கப் பெயின்ட்டும் பசையோடு போகும். உங்கள் காரின் ஆண்டுக்கு எந்தத் துணியோ ரெக்சினோ வந்ததோ அதையே போடுங்கள். பழையது சுத்தம் செய்தால் தேறும் என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷம் உட்கார்ந்து பழகிய தோலின் மங்கலான மினுமினுப்பைப் புது உறையில் வாங்கமுடியாது.

காகித வேலை

பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய வண்டிகளை வரலாற்று வாகனமாகப் பதிவு செய்தால் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றங்கள் செய்யாதவரை வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடியும் கட்டாயமில்லை. எல்லா எம்ஜிபிகளும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. இருந்தாலும் வருஷம் ஒருமுறை சோதனைக்கு விடுங்கள், பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் இன்னொரு ஜோடிக் கண்கள் பார்ப்பது நல்லது. வாங்குமுன் பதிவெண்ணைப் போட்டு அரசு இணையதளத்தில் பழைய எம்ஓடி முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். 'சில் அரிப்பு' என்று ஏதோ ஒரு வருஷம் எழுதி அடுத்த வருஷம் காணாமல் போயிருந்தால், அந்த வேலையை யார் செய்தது என்று கேட்கவேண்டும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த பிறகு, பழைய கார்தானே என்று அவர்கள் வைப்பதுதான் விலை. மதிப்புச் சான்று கொடுக்க 1930-ல் தொடங்கிய எம்ஜி கார் கிளப் போன்ற அமைப்புகள் உதவும். அதற்கு வெளிப்புறத்தோடு டாஷ்போர்டு, இரண்டு சீட்டுகள், கதவு அட்டைகள், கூரையின் உள்பக்கம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். உட்புறத்தில் எந்த வேலை செய்தாலும் ரசீதையும் புதுப் படத்தையும் சேர்த்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த மதிப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.